வெயிலில் வந்த மாப்பிள்ளை ஈக்களுக்குப் பானகம்

கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி, மீனாட்சிபுரம் என்று மூன்று ஊர்களிலுமாக ஏறக்குறைய முந்நூறு கல்யாணங்களுக்குச் சமைத்து முடித்த கிட்டுச்சாமி, தம் ஐம்பத்து மூன்றாவது வயதில் ஈக்களுக்குச் சமைக்கப் போனார். உறவினர்கள் இதை ஒரு வீழ்ச்சி என்றார்கள். கிட்டுச்சாமி அப்படி நினைக்கவில்லை. குறை சொல்லாமல் கை கழுவிய மாப்பிள்ளை வீட்டாரை அவர் தம் அனுபவத்தில் கண்டதில்லை. ஈக்கள் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் முட்டையிடப் போய்விடுகின்றன. ஒரு சமையல்காரனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

அவர் கல்யாணச் சமையலை விட்டதற்குக் காரணம் வெல்லம். அவருடைய பாயசத்தில் கரண்டியை நட்டால் நிற்கும். எடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பாயசத்துக்காகவே பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து, யார் கல்யாணம் என்று தெரியாமலேயே மொய் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பிறகு காலம் மாறியது. வட்டாரத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்தது. மீதிப் பேருக்கும் வரப்போகிறது என்று டாக்டர் சொன்னார். கடைசியாக மீனாட்சிபுரத்தில் ஒரு பெண்ணின் தகப்பனார் அவரைத் தனியாக அழைத்து, "மாஸ்டருங்க, இனிப்பே இல்லாம ஒரு பாயசம் பண்ணிப்போடுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

"அதுக்குப் பேரு கஞ்சிங்க" என்று சொன்ன கிட்டுச்சாமி, அந்தக் கல்யாணத்தோடு கரண்டியைக் கழுவிப் பரணில் போட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. பெருமாட்டியைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்குத் தலைவர் சுவக்கீன் சார். எப்போதோ கிட்டுச்சாமியின் பாயசத்தைச் சாப்பிட்டு, மறக்க முடியாமல் இருந்தவர்.

"தினம் நாலாயிரம் பேருக்குச் சமைக்கணும். முடியுமா?"

"பத்தாயிரம்னாலும் முடியுமுங்க. என்னங்க ஐட்டம்?"

"களி மட்டும்தான். காலையிலும் களி, சாயங்காலமும் களி."

பெருமாட்டிப் பக்கம் ஜெயில் எப்போது கட்டினார்கள் என்று கிட்டுச்சாமிக்கு ஒரே குழப்பம். இருந்தாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். நாலாயிரம் பேரும் ஒரு பீரோவுக்குள் இருந்தார்கள். கண்ணாடிக் குப்பிகள், வாயில் பஞ்சு அடைப்பு, உள்ளே எள்ளளவு பழ ஈக்கள். சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், இறுக வைக்கும் அகர் ஆகியவற்றைக் காய்ச்சிக் குப்பியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஊற்றி ஆறவிட்டால், அதுதான் அவர்களுக்குப் பந்தி.

சேதி கேட்டு அவர் மனைவி நாச்சம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, நம்மூட்டு மாட்டு மேல மொய்க்கிற ஈயை ஓட்ட ஆளில்லாம நான் கெடக்கறேன். நீங்க அங்க போயி ஈக்கு ஆக்கிப் போடப் போறீங்களாக்கும்?"

"அது வேற ஈ, நாச்சா. படிச்ச ஈ."

"நல்லதுங்க. வரும்போது அதுல ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க, நம்மூட்டு ஈக்கும் ரெண்டெழுத்துச் சொல்லித் தரட்டும்."

வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. சாமான்களைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது டின்சியின் பொறுப்பு. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த பெண். அப்பா தொழிற்சாலையில், அம்மா கொழுந்து பறிப்பில். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவள். மூன்று வருடமாக அவள் ஈயின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவள் கிட்டுச்சாமியை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தாள்.

"வாங்க அண்ணாச்சி, உங்க சாப்பாட்டுக்காரங்களக் கிட்டக்கப் பாருங்க."

பலாப்பழம் போல ஒரு கண் தெரிந்தது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை, அங்கங்கே திட்டுத்திட்டாக.

"அட சாமி! என்னங்கம்மிணி, பெயிண்ட் அடிக்கறவன் பாதியில கூலி பத்தலீன்னு ஓடிப்போன மாதிரி இருக்குதுங்க?"

"அதத்தான் மூணு வருஷமாப் படிக்கேன். ஒரு உடம்புல எத்தனையோ செல் இருக்குல்லா? எல்லாத்துக்குள்ளயும் ஒரே சமையல் புஸ்தகம். கண்ணுக்கும் அதே, குடலுக்கும் அதே."

கிட்டுச்சாமி யோசித்தார். "அப்பறம் ஏனுங்க கண்ணுல குடல் மொளைக்கறதில்ல?"

டின்சி ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். அவளுடைய நுழைவுத் தேர்வில் இதே கேள்வியைக் கேட்க மூன்று பேராசிரியர்கள் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

"கண்ணுக்கு வேண்டாத பக்கத்தையெல்லாம் மூடி வச்சிருக்கும் அண்ணாச்சி. மூடுறதுக்குன்னே புரதங்க அஞ்சாறு சேர்ந்து கூட்டணி போட்டு அலையும்."

"கூட்டணின்னா அடிச்சுக்குவாங்களே?"

"இது அடிச்சுக்காத கூட்டணி."

"அப்ப நம்மூரு ஆளுக இல்லீங்க."

டின்சி ஒரு நூல்கண்டை எடுத்து விளக்கினாள். புஸ்தகம் என்பது உண்மையில் நீளமான ஒரு நூல். அது புரதக் கண்டுகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கண்டிலிருந்தும் சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டணி வந்து அந்த வாலில் ஓர் அடையாளத்தைக் கட்டிவிட்டுப் போகும். வேறொரு கூட்டணி அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து, கண்டுகளை ஒன்றோடு ஒன்று நெருக்கி இறுக்கிவிடும். இறுகிய இடத்தில் எழுதியிருப்பதை யாரும் படிக்க முடியாது. செல் இரண்டாகப் பிரியும்போது புதுச் செல்லுக்கும் அந்த அடையாளம் கூடவே போகும்.

கிட்டுச்சாமியின் முகத்தில் ஒளி பரவியது. "இது நம்ம கலவறைச் சித்தப்பனுகளுங்க!"

கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, முந்திரி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கலவறையின் சாவியை, உறவுக்காரர்களிலேயே மகா கஞ்சன் எவனோ அவன் இடுப்பில் செருகுவது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். அவன் காலைப் பலகாரத்துக்கு வேண்டாத மூட்டைகளுக்கெல்லாம் சிவப்புக் கயிறு கட்டுவான். கயிற்றைப் பார்த்ததும் அவனைவிடக் கஞ்சனான இன்னொருவன் வந்து மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வான். எழுப்ப முடியாது. இட்லி நேரத்தில் முந்திரி வெளியே வராமல், ஒரு கல்யாணம் கல்யாணமாக நடப்பது இந்த இருவரால்தான்.

"கட்டறவன் ஒருத்தன், உக்காருறவன் ஒருத்தன். செரிங்களா?"

"ரொம்பச் சரி அண்ணாச்சி! இந்த ஈ இருக்குல்லா, இதுல கண்ணுக்குச் சிவப்புக் குடுக்குற மூட்டை இடம் மாறி, பூட்டி வச்ச மூட்டைகளுக்குப் பக்கத்துல போயி விழுந்துட்டு. கயிறு கட்டுறவரு சில செல்லுல இதையும் சேர்த்துக் கட்டிருதாரு. அங்க வெள்ளை. சில செல்லுல விட்டுருதாரு. அங்க சிவப்பு."

"அப்ப கண்ணு ரொம்பச் செவந்திருந்தா, சித்தப்பன் அசந்துட்டான்னு அர்த்தமுங்க."

"அதேதான்!"

டின்சியின் கேள்வி இதுதான்: தகப்பன் ஈ வெயிலில் வாடினால், பிள்ளை ஈயிடம் இந்தக் கட்டு தளருமா? ஆண் ஈக்களில் பாதியை மூன்று நாள், தினம் இரண்டு மணி நேரம், முப்பத்தாறு டிகிரி வெப்ப அலமாரியில் வைப்பாள். மறுபாதியை ஏசி அலமாரியில் இருபத்தைந்து டிகிரியில் வைப்பாள். பிறகு எல்லோரும் இரண்டு நாள் புதுக் குப்பிகளில் தங்கி, அதன்பின் பெண் ஈக்களோடு சேர்க்கப்படுவார்கள். வெயிலில் இருந்தவர்களின் குப்பிக்குச் சிவப்புச் சீட்டு, மற்றவர்களுக்கு நீலம். அது மேடம் மாதம், அதாவது சித்திரை. வெளியே நாற்பது டிகிரி. ஈக்களுக்கு வெயில் காட்ட வேண்டிய அலமாரி, கட்டடத்தைச் சுற்றியுள்ள பெருமாட்டியைவிட நாலு டிகிரி குளிர்ச்சியாக இருந்ததை விஞ்ஞானம் பொருட்படுத்தவில்லை.

கிட்டுச்சாமி பொருட்படுத்தினார். அவர் பார்வையில் விஷயம் எளிமையானது. இரண்டு நாளில் கல்யாணம் ஆகப்போகிற ஆண்பிள்ளை, வெயிலில் வாடி வதங்கி வந்து, சிவப்புச் சீட்டுக் குப்பியில் இறங்குகிறான். வெயிலில் வந்த மாப்பிள்ளைக்கு ஊர் எல்லையிலேயே ஒரு டம்ளர் பானகம் நீட்டாமல் மணவறைக்கு அனுப்பும் வழக்கம் அந்த வட்டாரத்தில் எந்தச் சாதியிலும் கிடையாது. அப்படி அனுப்பினால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஈ சொல்லிக் காட்டாது என்பதற்காக மனுசன் மரியாதையை விட்டுவிட முடியுமா?

ஆகவே வீட்டிலிருந்து வெல்லமும் தம் சொந்தப் பானகப் பொடியும் கொண்டுவந்தார். தண்ணீராக ஊற்றினால் மாப்பிள்ளைகள் முங்கிச் செத்துவிடுவார்கள் என்று பாகாகக் காய்ச்சினார். சிவப்புச் சீட்டுக் குப்பிகளில் மட்டும், களியின் மேல் ஒவ்வொரு கரண்டி. யாரிடமும் சொல்லவில்லை. உபசாரத்தைத் தண்டோராப் போட்டுச் செய்கிறவர் அல்ல அவர்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். டின்சி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரு கூச்சல் போட்டாள். வெயில் மாப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கெல்லாம் கண் செக்கச் செவேலென்று இருந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும் அப்படியே. வெயில் கட்டை அவிழ்க்கிறது! மூன்று வருடத்தில் முதல் விடை. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் ஆய்வேட்டை எழுதலாம். தலையாட்டாவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அன்று அவள் நிலையம் முழுவதற்கும் பூ அச்சில் பொரித்த அச்சப்பம் கொடுத்தாள். கிட்டுச்சாமிக்கு இரண்டு.

அவரும் வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். டின்சி கண்ணைப் பார்த்தாள். சமையல்காரர் வயிற்றைப் பார்த்தார்.

"பசங்க நல்லாத் தொப்பையும் தொந்தியுமா இருக்கறாங்கம்மிணி. நல்ல வளர்த்தி."

"வெயில்தான் காரணமா இருக்கும் அண்ணாச்சி. ஏன்னா மத்ததெல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வச்சிருக்கேன். முக்கியமா சாப்பாடு. தகப்பன் ஈ ரெண்டு நாள் கூடுதலா இனிப்பு தின்னாலே போதும், பிள்ளைக்குக் கட்டு தளர்ந்து போகும், தொப்பை போடும்னு வெளிநாட்டுல எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. நல்லவேளை, நம்ம சமையல் உங்க கையில இருக்கு."

அச்சப்பம் கிட்டுச்சாமியின் தொண்டையில் பூ மாதிரியே விரிந்து நின்றுகொண்டது.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நாச்சம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"முந்நூறு கல்யாணத்துலயும் உங்க வெல்லம் மாப்பிள்ளையோட நின்னுதுங்க. இப்ப பொறக்காத பிள்ளை வரைக்கும் பாய்ஞ்சு போச்சாக்கும்?"

"சிரிக்காத நாச்சா. சொன்னா அந்தப் புள்ளையோட மூணு வருசம் போச்சு. என்ற வேலையும் போச்சு. சொல்லாம உட்டா?"

"சொல்லாம உட்டா, வெய்யலுல நின்னா கண்ணு செவக்கும்னு அது புஸ்தகம் எழுதும். நாளைக்கு எவனாச்சும் பானகமில்லாமப் பண்ணிப் பாப்பான். அப்ப அந்தப் புள்ளை பொய் சொன்னதா ஆகுமுங்க. நீங்க ஊத்துனதை அது ஏனுங்க குடிக்கோணும்?"

கிட்டுச்சாமிக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. சமையல்காரர் சாப்பிடாமல் இருப்பது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை என்பதால், நாச்சம்மாள் அடுத்த வீட்டிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. குழு வர ஒரு மணி நேரம் இருந்தது. டின்சி கம்ப்யூட்டரில் சிவப்புக் கண்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுவக்கீன் சார், திருமணத்துக்கு வந்தவர்போல் இஸ்திரிச் சட்டையோடு. கிட்டுச்சாமி வாசலில் நின்று மூன்று தடவை செருமினார்.

"அம்மிணி... பானகமுங்க."

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி, அப்புறமாக் குடிக்கேன்."

"உங்களுக்கில்லீங்க. குடுத்துப்போட்டேனுங்க."

"யாருக்கு?"

"மாப்பிள்ளைகளுக்கு."

சுவக்கீன் சார் மெதுவாக எழுந்தார். "எத்தனை மாப்பிள்ளைக்கு?"

"செவப்புச் சீட்டு ஒட்டுன அத்தனை பேருக்குமுங்க. ஒருத்தனையும் உடலீங்க." குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் பந்தியில் யாரும் விடுபடவில்லை என்ற பெருமை அவர் குரலை விட்டுப் போகவில்லை.

"நீலச் சீட்டு?" என்றாள் டின்சி. குரல் எங்கிருந்தோ வந்தது.

"அவிய ஏசியில இருந்து வந்தவியதானுங்களே அம்மிணி? அவியளுக்கு எதுக்குங்க பானகம்?"

கம்ப்யூட்டரில் இருந்த சிவப்புக் கண்களெல்லாம் அவளையே முறைத்தன. பிறகு அவள் மேசையில் தலையைக் கவிழ்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது முகத்தில் இரண்டும் இருந்தன.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருந்தா உங்களக் கொன்னிருப்பேன்."

"அதுக்குத்தானுங்க முன்னாலயே வந்தேன்."

குழுவின் முன்னால் டின்சி நடந்ததை நடந்தபடி சொன்னாள். குழுவினர் மூவரும் பாலக்காட்டிலிருந்து ஏசி வேலை செய்யாத காரில் வந்திருந்தார்கள். அவர்கள் வாசலில் இறங்கியபோதே, வெயிலில் வந்தவர்கள் என்பதால், கிட்டுச்சாமி வழக்கப்படி ஆளுக்கொரு டம்ளர் நீட்டியிருந்தார். மூவரும் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பிறகு டின்சிக்கு நாலு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டா என்பது ஆராயப்படவில்லை.

"கிட்டுச்சாமியை என்ன செய்யலாம்?" என்று கேட்டார் சுவக்கீன் சார்.

"அண்ணாச்சி இருக்கணும் சார். தப்பைத் திரும்பச் செய்ய வேற யாரால முடியும்?"

புதிய ஏற்பாட்டில் நாலு கூட்டம். வெயிலும் பானகமும் பெற்றவர்கள், வெயில் மட்டும், பானகம் மட்டும், இரண்டும் இல்லாதவர்கள். குப்பிகளில் வெறும் எண்கள். எது யார் என்று டின்சிக்கே தெரியாது; பட்டியல் சுவக்கீன் சாரின் மேசைக்குள் பூட்டப்பட்டது. வெல்லத்தைக் கிட்டுச்சாமி தராசில் நிறுத்துப் போட வேண்டும். பானகப் பொடி அவர் வீட்டிலிருந்து சின்ன பாட்டிலில் வந்தது. அதையும் நிறுத்தே போட்டார்.

அந்த நாட்கள் அவருக்குச் சிறைவாசம். எண் போட்ட குப்பிகளுக்கு முன்னால் நின்று, "இதுல வெய்யலுல வந்தவன் எவனுங்க, ஜாடையாவாச்சும் சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார். சொல்லவில்லை. சார் சொன்ன எண்களின்படி ஒருவனுக்குப் பானகம் ஊற்றி அடுத்தவனைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. நாச்சம்மாளிடம் மட்டும் சொன்னார். பானகம் ஒன்றும் செய்யவில்லை, வெயில்தான் செய்தது என்று தெரிந்தால், டின்சியின் மூன்று வருடமும் பிழைத்தது. அதற்காக அவர் தினமும் மாரியம்மனை வேண்டினார். ஆனால் தம் பானகம் ஓர் ஈயிடம்கூட ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிட்டால் முப்பது வருடத் தொழிலுக்கு என்ன அர்த்தம்? வேண்டுதலின் கடைசி வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து விட்டுவிட்டார். அம்மனுக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கேட்டுக்கொள்ளட்டும்.

கண்களை எண்ண ஒன்பது நாள் ஆயிற்று. சுவக்கீன் சார் மேசையைத் திறந்து பட்டியலைப் படிக்க, டின்சி குறித்துக்கொண்டே வந்தாள். கிட்டுச்சாமி சுவரோரமாக, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவரைப் போல நின்றார்.

வெயில் மட்டும் பெற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கண் பழையபடியே திட்டுத்திட்டாக இருந்தது. வெயில் படாமல் ஏசியில் இருந்து பானகம் மட்டும் குடித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கண் செக்கச் செவேல். தொப்பையும் இருந்தது.

"வெயில் ஒண்ணும் செய்யல சார்" என்றாள் டின்சி. பேனாவை மூடினாள். "எல்லாம் அண்ணாச்சிதான்."

கிட்டுச்சாமியின் நெஞ்சு ஒரே சமயத்தில் உடைந்தும் விம்மியும் போயிற்று. எந்த முகத்தைக் காட்டுவது என்று தெரியாமல் அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மிணி, உங்க மூணு வருசத்தை வெல்லத்துல முக்கிப்போட்டேனுங்களே."

டின்சி சன்னலுக்கு வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, எண்களை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். புருவம் நெரிந்தது.

"சார், வெளிநாட்டுல வெறும் சர்க்கரை குடுத்துப் பார்த்தப்போ கண்ணு இவ்வளவு சிவக்கல. அந்தக் கணக்கு என்கிட்ட இருக்கு. நமக்கு அதைவிடக் கூடுதலா வருது. வெல்லம் மட்டும் இல்ல சார். அந்தப் பொடியில என்னமோ இருக்கு. சுக்கா, ஏலமா, ரெண்டும் சேர்ந்தா? இதை யாரும் பார்த்த மாதிரி தெரியல."

சுவக்கீன் சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மிச்சம் எத்தனை நாள் இருக்கு?"

"ரெண்டு மாசம். மூணு தலைமுறை ஈ. போதும்."

அவள் ஒரு புது நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, பேனாவைத் திறந்து கிட்டுச்சாமியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"அண்ணாச்சி, பொடியில என்னென்ன, எது எவ்வளவு? சொல்லுங்க."

கிட்டுச்சாமி தலை நிமிர்ந்தார். குற்றம் முழுவதையும் தாமாக வந்து ஒப்புக்கொண்ட மனிதர். எந்தத் தண்டனைக்கும் தயாராக இருந்தவர். இப்போது முதல்முறையாக அவர் பின்வாங்கினார். அந்தப் பொடியின் அளவைக் கேட்டு முப்பது வருடமாக எத்தனையோ சமையல்காரர்கள் வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். நாச்சம்மாளுக்கே தெரியாது.

"அம்மிணி, அது... தொழிலுங்க."

"சொல்லாட்டி நான் எஸ்டேட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கணும் அண்ணாச்சி."

கிட்டுச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். சுவக்கீன் சாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், தப்பா நெனைக்கப்படாது. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. போகும்போது கதவைச் சாத்திப்போடுங்க."

நிலையத்தின் தலைவர் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தினார். கிட்டுச்சாமி சன்னலையும் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, டின்சியின் காதருகே குனிந்தார்.

"மொதல்ல சுக்கு. எழுதுங்க. ஆனா சின்னதா எழுதுங்க."